திரை இருக்க, லஸ்கருக்கு ஏன் போன்?

கேள்வி:

நான் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் பொறியாளர். ஓர் அணைக்கான கண்காணிப்பு அமைப்பை எங்கள் குழு செய்துகொண்டிருக்கிறது. நீர்மட்டத்துக்கு இரண்டு ரேடார் சென்சார், நீர்பிடிப்புப் பகுதியில் ஆறு தானியங்கி மழைமானி, ஷட்டர் ஒவ்வொன்றிலும் திறப்பைக் காட்டும் கருவி, நான்கு கேமரா, வானிலை ரேடார் படம் என எல்லாவற்றையும் ஒரே திரையில் கொண்டுவந்துவிட்டோம். போன மழைக்காலத்தில் சோதனை ஓட்டம் நடந்தது. அங்குள்ள உதவிப் பொறியாளர் திரையை ஒரு முறை பார்ப்பார். பிறகு போனை எடுத்து, மதகைக் கவனிக்கும் ஊழியரான லஸ்கரிடம், "தண்ணி எவ்வளவுப்பா இருக்கு?" என்று கேட்பார். லஸ்கர் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டு, அதையே மேலதிகாரிக்குச் சொல்வார். ஒன்றரை வருட உழைப்பு வீணாகிறதே என்று வருத்தமாக இருக்கிறது. இன்னும் சென்சார்களைச் சேர்க்கலாமா, அல்லது செயற்கை நுண்ணறிவை வைத்து "இத்தனை கனஅடி திறக்கலாம்" என்று நேரடியாகவே சொல்ல வைக்கலாமா என்று நிறுவனத்தில் பேச்சு ஓடுகிறது. உங்கள் யோசனை என்ன?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் அந்த உதவிப் பொறியாளர் பக்கம் நின்றுதான் பதில் சொல்லப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அவர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ராத்திரி ஒரு மணி, வெளியே கொட்டுகிறது. ஷட்டரைத் திறக்கச் சொன்னால் கீழே ஆற்றோரத்தில் இருக்கும் குடிசைகளுக்குள் தண்ணீர் போகும். திறக்காமல் விட்டால் அணைக்கே ஆபத்து வரலாம். கையெழுத்து அவருடையது. அந்த நேரத்தில் உங்கள் திரை "21.37 அடி" என்கிறது. அது எப்போது அளந்தது? இரண்டு சென்சாரும் அதையே சொல்கின்றனவா? காற்றில் அலை அடிக்கிறதே, அதையும் சேர்த்தா? திரையிடம் இதையெல்லாம் கேட்க முடியாது. லஸ்கரிடம் கேட்கலாம். "நீயே போய்ப் பார்த்தியா? டார்ச் அடிச்சுப் பார்த்தியா? எந்தப் படியில நின்னு பார்த்த?" என்று மடக்கி மடக்கிக் கேட்கலாம். லஸ்கரும், "ஐயா, 21 அடி நாலு அங்குலம் இருக்கு. அலை அடிக்குது, அரை அங்குலம் முன்னபின்ன இருக்கும். தண்ணி செக்கச் செவேல்னு வருது, மரமெல்லாம் மிதந்து வருது" என்பார். அளவைச் சொல்கிறார், அந்த அளவை எவ்வளவு நம்பலாம் என்கிறார், மேலே எங்கோ பலத்த மழை பெய்து வெள்ளம் இறங்கிவிட்டது என்ற சேதியையும் சேர்த்தே கொடுக்கிறார். உங்கள் திரை இதில் முதல் பகுதியை மட்டும்தான் தருகிறது.

சென்சாரைச் சாட்சி என்றே நினைத்துப் பழகியவன் நான். சாட்சி சொன்னதை அப்படியே எழுதித் தீர்ப்புச் சொல்லும் நீதிபதி கிடையாது. நீ எங்கே நின்றிருந்தாய், வெளிச்சம் இருந்ததா, இன்னொருவரும் பார்த்தாரா என்று குறுக்கு விசாரணை நடக்கும். பல சென்சார்களை இணைக்கும் அமைப்பின் முக்கியமான வேலை அந்தக் குறுக்கு விசாரணைதான். உங்கள் குழு சாட்சிகளைக் கூண்டில் வரிசையாக நிறுத்திவிட்டது. விசாரணையை இன்னும் தொடங்கவில்லை.

முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். உங்கள் திரையில் "நீர்வரத்து" என்று ஓர் எண் பெரிதாக ஓடிக்கொண்டிருக்கும். அதை எந்தச் சென்சாரும் அளக்கவில்லை. மட்டம் எவ்வளவு ஏறியது, வெளியே எவ்வளவு போனது என்று பார்த்து மென்பொருள் போடும் கணக்கு அது. அணையின் நீர்ப்பரப்பு 10 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மட்டம் ஒரு சென்டிமீட்டர் ஏறினால் ஒரு லட்சம் கனமீட்டர், அதாவது சுமார் 35 லட்சம் கனஅடி தண்ணீர். ஒரு மணி நேரத்தில் ஏறியது என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 1,000 கனஅடி. ஆக, மட்டத்தைப் படிப்பதில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் வராத 1,000 கனஅடி வந்ததாகத் திரை காட்டும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை கணக்கிட்டால் அதே பிசகு கிட்டத்தட்ட 4,000 கனஅடி ஆகிவிடும். காற்று அணையை நோக்கி வீசினால் சுவரருகே தண்ணீர் சற்று ஏறி நிற்பது சாதாரணம். உங்கள் உதவிப் பொறியாளர் இந்த எண் குதித்துக் குதித்து ஓடுவதை இரண்டு நாள் பார்த்திருப்பார். மூன்றாம் நாளிலிருந்து நம்பியிருக்க மாட்டார். அதோடு திரையில் உள்ள மற்ற எண்களின் மேலிருந்த நம்பிக்கையும் போயிருக்கும்.

எனவே அளந்த எண்ணுக்கும் கணக்கிட்ட எண்ணுக்கும் கண்ணுக்குத் தெரியும்படி வேறுபாடு வையுங்கள். கணக்கிட்ட எண்ணைப் புள்ளி துல்லியமாகக் காட்டாதீர்கள். "3,000 முதல் 5,000 வரை" என்று காட்டுங்கள். அதிகாரிக்குக் குழப்பமாக இருக்காதா என்று உங்கள் மேலாளர் கேட்பார். அந்த அதிகாரிக்கு லஸ்கர் ஒவ்வொரு நாளும் "முன்னபின்ன" சொல்லித்தான் வேலை நடக்கிறது என்று பதில் சொல்லுங்கள்.

இரண்டாவது, சென்சாரின் மௌனம். நான் வேலை செய்த ஓர் அணையில் ஓர் இரவு நீர்மட்டம் ஒன்பது மணி நேரம் அசையவே இல்லை. மூன்றாம் தசம இடம் வரை அதே எண். தரவு வராதபோது கடைசியாக வந்த எண்ணையே பிடித்து வைத்துக் காட்டும்படி மென்பொருளில் ஒரு அமைப்பு இருந்தது. அந்த வரியை எழுதியது எங்கள் குழு. சரிபார்த்துக் கையெழுத்திட்டவன் நான். திரை வெறுமையாக இருந்தால் அசிங்கமாக இருக்கும் என்று அப்படிச் செய்திருந்தோம். மின்னல் அடித்து மோடம் போய்விட்டது. திரை மட்டும் பச்சை நிறத்தில் அமைதியாக இருந்தது. அன்று எங்களைக் காப்பாற்றியது அந்த அணையின் லஸ்கர்தான். "என்ன சார், ஒருத்தரும் போன் பண்ணலையே, தண்ணி ஏறிட்டே இருக்கே" என்று அவராகவே கூப்பிட்டார். அன்றிலிருந்து எந்த எண்ணையும் அதன் வயதைப் பக்கத்தில் போடாமல் நான் திரையில் விட்டதில்லை. "4 நிமிடம் முன்பு", "50 நிமிடம் முன்பு" என்று எழுதுங்கள். நேரம் கடந்துவிட்டால் எண்ணையே எடுத்துவிட்டு "தகவல் இல்லை" என்று போடுங்கள்.

மழைமானியிலும் இதே சிக்கல் உண்டு. தானியங்கி மழைமானிக்குள் ஒரு சிறு வாளி நிரம்பி நிரம்பிக் கவிழும். எத்தனை முறை கவிழ்ந்தது என்பதே மழையளவு. புனலில் ஓர் இலையோ பறவையின் எச்சமோ அடைத்துக்கொண்டால் வாளி கவிழாது. திரை "0 மி.மீ." என்று காட்டும். மழை இல்லை என்பதற்கும் அதே பூஜ்யம், மானி அடைத்துக்கொண்டது என்பதற்கும் அதே பூஜ்யம். பக்கத்து ஐந்து மானிகளில் மழை கொட்டி, வானிலை ரேடாரிலும் அந்த இடம் சிவந்து கிடக்கும்போது ஒரு மானி மட்டும் பூஜ்யம் சொன்னால், அதைச் சந்தேகிக்க உங்கள் அமைப்புக்குத் தெரிய வேண்டும். பல சென்சார் வைப்பதன் பலனே இதுதான். ரேடார் பரந்த இடத்தைப் பார்க்கும், ஆனால் மழையளவை ஊகித்துத்தான் சொல்லும். மானி ஒரே ஒரு இடத்தை அளக்கும், ஆனால் கையில் பிடித்த தண்ணீரை அளக்கும். ஒன்றை வைத்து ஒன்றைத் திருத்துங்கள்.

இரண்டு ரேடார் சென்சார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே கம்பத்தில், ஒரே சோலார் பேட்டரியில், ஒரே சிம் கார்டில் ஓடுகின்றனவா? அப்படியானால் அவை இரண்டு சாட்சி ஆகா. ஆகாயத்தாமரை மிதந்து வந்து கம்பத்தடியில் ஒதுங்கினால் இரண்டுமே இலையின் மேற்பரப்பை நீர்மட்டம் என்று சொல்லும், அதுவும் ஒரே குரலில். ஒன்றை எடுத்துவிட்டு நீருக்கடியில் அழுத்தமானி வையுங்கள். அதற்கும் வியாதி உண்டு, வண்டல் படியும். ஆனால் இரண்டுக்கும் வேறு வேறு வியாதி. ஒரே இரவில் இரண்டும் படுப்பது அரிது. இரண்டும் முரண்பட்டால் சராசரி எடுத்துவிடாதீர்கள். 22 அடி என்று ஒன்றும் 18 அடி என்று இன்னொன்றும் சொன்னால் 20 அடி என்பது யாருமே பார்க்காத மட்டம். இரண்டையும் காட்டி, "ஆள் போய்ப் பார்க்கவும்" என்று போடுங்கள். மூன்று இருந்தால் நடு எண்ணை எடுத்துக்கொள்ளலாம்.

சாட்சிகள் இருந்தும் விசாரணை சரியாக நடக்காத ஓர் இரவைப் பற்றிச் சொல்கிறேன். இத்துறைக்கு வருகிற எல்லோருக்கும் நான் இதைச் சொல்வது வழக்கம். 1979 மார்ச் 28, அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையம், விடியற்காலை நான்கு மணி. உலையின் அழுத்தத்தைத் தணிக்க ஒரு வால்வு தானாகத் திறந்தது. மூடியிருக்க வேண்டும், மூடாமல் சிக்கிக்கொண்டது. குளிர்விக்கும் தண்ணீர் அதன் வழியே போய்க்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டுப் பலகையில் அந்த வால்வுக்கான விளக்கு அணைந்திருந்தது. அணைந்தால் மூடிவிட்டது என்று பணியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த விளக்கு வால்வைப் பார்க்கவே இல்லை. "மூடு" என்ற உத்தரவு போய்விட்டது என்பதை மட்டும்தான் காட்டியது.

மற்ற சாட்சிகள் இல்லாமல் இல்லை. அந்த வால்வுக்கு அப்புறம் இருந்த குழாயின் வெப்பநிலை அதிகமாக இருந்தது. ஆனால் அந்த வால்வு ஏற்கெனவே சற்றுக் கசிந்துகொண்டிருந்ததால் குழாய் சூடாக இருப்பது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. வெளியேறிய தண்ணீர் போய்ச் சேர்ந்த தொட்டியின் அளவுகள் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தன. அந்த மானிகள் பலகையின் பின்பக்கம் இருந்தன. முன்னால் நின்றவர்கள் கண்ணில் படாது. உலைக்கலனில் தண்ணீர் எவ்வளவு என்று நேரடியாகக் காட்டும் கருவி எதுவும் இல்லை. முதல் சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் அடித்தன. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழிந்த பிறகே அந்த வழி அடைக்கப்பட்டது. அதற்குள் உலை சேதப்படத் தொடங்கிவிட்டது. முடிவில் எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகிப்போயிருந்தது.

உங்கள் ஷட்டர் திறப்புக் கருவியை இப்போதே போய்ப் பாருங்கள். அது ஷட்டர் பலகையின் இருப்பை அளக்கிறதா, மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது என்பதை அளக்கிறதா? ரோப் அறுந்தாலும் மோட்டார் சுற்றும். திரை "3 அடி திறப்பு" என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன், இன்னும் சென்சார் சேர்க்கலாமா என்று. எந்த முடிவுக்காக என்று தெரியாமல் ஒன்றுகூடச் சேர்க்காதீர்கள். முடிவை முதலில் எழுதிவிட்டுப் பின்னோக்கி வர வேண்டும். இதைச் சரியாகச் செய்த அமைப்பு நம் நாட்டிலேயே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு, ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் 2007-ல் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. பூகம்பமானிகள், ஆழ்கடலின் தரையில் வைத்த அழுத்தமானிகள், கரையோர அலைமானிகள் என மூன்று வகைச் சாட்சிகள் அதற்கு உண்டு. பூகம்பமானி சில நிமிடங்களிலேயே பேசிவிடும், ஆனால் நிலம் அதிர்ந்ததை மட்டும்தான் சொல்லும். அலை கிளம்பியதா என்று சொல்ல வேண்டியவை கடலில் இருக்கும் கருவிகள். அலை அவற்றைத் தாண்டும் வரை அவை பேசாது.

அந்த மையம் இதை எப்படிக் கையாளுகிறது என்று பாருங்கள். அலை 60 நிமிடத்துக்குள் வந்துவிடக்கூடிய கரைகளுக்கு, பூகம்பத் தகவலை மட்டும் வைத்தே எச்சரிக்கை போகும். அதைவிடத் தொலைவில் உள்ள கரைகளை முதலில் கவனிப்பு நிலையில் வைத்து, கடல் சாட்சி வந்த பிறகே உயர்த்துவார்கள். சுமத்ரா பக்கம் அதிர்ந்தால் நிக்கோபார்க்காரர்களுக்கு இரண்டாம் சாட்சிக்காகக் காத்திருக்க நேரம் கிடையாது. தமிழகக் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காத்திருக்கலாம், காத்திருக்கவும் வேண்டும். தேவையில்லாமல் ஊரைக் காலி செய்தால் அடுத்த முறை யாரும் கிளம்ப மாட்டார்கள். அதோடு, அறிவிப்பின் ஒவ்வொரு படிக்கும் ஒரு செயல் உண்டு. ஒரு படியில் மக்களை மேட்டுக்கு அழைத்துப் போக வேண்டும், அடுத்ததில் கடற்கரைப் பக்கம் போகக் கூடாது, கடைசிப் படியில் மக்கள் உடனே எதுவும் செய்ய வேண்டியதில்லை.

2012 ஏப்ரல் 11-ல் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் பூகம்பம் வந்தது. எண்ணை மட்டும் பார்த்தால் நடுங்க வைக்கும். ஆனால் அந்த முறை பாறைத் தட்டுகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. கடல்நீரைப் பெரிதாக மேலே தூக்கவில்லை. நீர்மட்டக் கருவிகள் சிறிய அலையைத்தான் காட்டின. நிலத்தின் சாட்சியைக் கடலின் சாட்சி திருத்தியது.

இப்போது உங்கள் அணைக்கு வாருங்கள். ஷட்டர் திறந்தால் முதல் ஊருக்குத் தண்ணீர் போய்ச்சேர எவ்வளவு நேரம்? மைக் கட்டி அறிவித்து, ஆட்களையும் மாடுகளையும் மேடேற்ற எவ்வளவு நேரம்? உத்தரவு மேலே போய்த் திரும்பி வர எவ்வளவு நேரம்? பின்னிரண்டையும் கூட்டி, முதலாவதைக் கழித்தால் ஐந்து மணி நேரம் வருகிறது என்றால், ஷட்டர் திறக்க ஐந்து மணி நேரத்துக்கு முன்பே சேதி சொல்லும் இடத்தில் மழைமானி இருக்க வேண்டும். உங்கள் ஆறு மானிகளும் அணைக்கு அருகே, ஜீப் போகிற இடமாகப் பார்த்து வைத்தவையா? அப்படியானால் ஆறும் சேர்ந்து அரை மணி நேர முன்னறிவைக்கூடத் தராமல் போகலாம். இரண்டை எடுத்து மலைமேல் வைப்பது புதிதாகப் பத்து வாங்குவதைவிடப் பலன் தரும்.

கீழ்ப்பக்கத்தையும் பாருங்கள். செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி, முழு ஆழம் 24 அடி. சென்னையில் இந்த எண்கள் தெரியாதவர்கள் குறைவு. சென்னை வெள்ளத்தின்போது, 2015 டிசம்பர் 1 இரவு, விநாடிக்கு 29,000 கனஅடி வரை அங்கிருந்து திறக்கப்பட்டது. ஆனால் அது போய்ச் சேரும் அடையாற்றில் அந்த ஏரித் தண்ணீர் மட்டுமா ஓடியது? தாம்பரம், முடிச்சூர் பக்கத்து ஏரிகளின் உபரிநீரும் அதே ஆற்றில்தான் சேர்கிறது. எவ்வளவு திறக்கலாம் என்ற கேள்விக்கான விடையில் பாதி, அணைக்கு வெளியே ஆற்றில் இருக்கிறது. உங்கள் அமைப்பில் ஆற்றுக்குள் ஒரு சென்சார்கூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

அலாரம் பற்றி ஒன்று. சோதனை ஓட்டத்தில் எத்தனை அடித்தன என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது அடித்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். எழுத முடியாததை நீக்கிவிடலாம். ஆலைக் கட்டுப்பாட்டு அறைகளுக்கான இஇஎம்யூஏ 191 என்ற பிரிட்டிஷ் வழிகாட்டி, சாதாரண வேளையில் ஒருவருக்குச் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஓர் அலாரத்துக்கு மேல் போகாமல் பார்க்கச் சொல்கிறது.

செயற்கை நுண்ணறிவு "இத்தனை கனஅடி திற" என்று சொல்லட்டுமா என்றால், இப்போது வேண்டாம் என்பேன். அது கணக்குப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 3,000 திறந்தால் நாளைக் காலை மட்டம் இது, 6,000 திறந்தால் இது, 6,000 திறந்தால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகும் என்று பக்கம் பக்கமாகக் காட்டட்டும். எந்தச் சாட்சிகளை நம்பி அந்தக் கணக்கு, அவற்றில் எது சந்தேகத்துக்குரியது என்பதும் கூடவே தெரிய வேண்டும். அந்த நேரத்தில் திரையில் இருந்தது அத்தனையும் பதிவாகட்டும். பிறகு விசாரணை வந்தால், அந்த அதிகாரி எதைப் பார்த்து முடிவெடுத்தார் என்று காட்ட அது ஒன்றுதான் அவருக்குத் துணை. இந்த ஒரு வசதியைச் சொல்லிப் பாருங்கள், அவர் உங்கள் திரைப்பக்கம் நாற்காலியை நகர்த்துவார்.

லஸ்கரின் போனை நிறுத்த முயலாதீர்கள்; அதை அமைப்புக்குள் கொண்டுவாருங்கள். சுவரில் வரைந்த அளவுகோலைப் பார்த்து அவர் சொல்லும் அளவு, சென்சார் அளவுக்குப் பக்கத்திலேயே, நேரத்தோடு, அவர் பெயரோடு திரையில் வரட்டும். அவர் போனில் தட்டச்சு செய்ய வேண்டாம். ஈரக் கையோடு முடியாது. ஒரு பட்டனை அழுத்திப் பேசினால் போதும் என்று செய்யுங்கள். தண்ணீரின் நிறம் பற்றி அவர் சொல்வதற்கும் ஓர் இடம் வையுங்கள்.

அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், லேப்டாப்பை அலுவலகத்தில் விட்டுவிட்டு ஓர் இரவு மதகுக்குப் போங்கள். குடையும் டார்ச்சும் போதும். உதவிப் பொறியாளர் போன் செய்யும்போது பக்கத்தில் நின்று அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள். திரையில் எது எங்கே வர வேண்டும் என்பதை அதை வைத்து இருவரும் பேசலாம்.